ஐஸ் கொம்பனிக்கும் பேக்கரிக்கும் இடையில்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஷெல் விழுந்ததையும் இடம்பெயர்ந்ததையும் எழுதுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எழுதியும் இருக்கிறார்கள். அவற்றில் நான் வாசித்த அளவில், அந்தக் காலத்தில் வேலை இல்லாமல் இருந்த ஒரு மனிதன் காலையில் எழும்பி என்ன செய்தான் என்பதைக் காணவில்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரியும், ஆகையால் அதை மட்டும் எழுதுகிறேன். ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. இதில் வருகிறவர்களில் உயிரோடு இருப்பவர் யாராவது வாசித்தால், இவன் ஏன் இப்போது இதை எழுதினான், என்ன உள்நோக்கம் என்று யோசிப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஐஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஊரில் அதை ஐஸ் கொம்பனி என்றுதான் சொல்வோம். உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நிற்கும் தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீர் நிரப்புவது, உறைந்த பிறகு பெட்டிகளைத் தூக்கிக் கவிழ்ப்பது, கட்டிகளைக் கொக்கியால் இழுத்து வெளியே விடுவது, வள்ளங்களுக்கும் லொறிகளுக்கும் அரைத்துக் கொடுப்பது. பெரிய உத்தியோகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிரந்தரம் என்று நினைத்திருந்தேன். கடலில் மீன் இருக்கும் வரைக்கும் ஐஸ் வேண்டும்தானே.

எண்பத்து மூன்றில் கலவரத்தோடு கொழும்பு லொறிகள் வராமல் நின்றன. கொஞ்சக் காலம் இயந்திரம் ஓடவில்லை. நாங்கள் வீட்டில் இருந்தோம். பிறகு மனேச்சர் சைக்கிளில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், போனோம். அதற்குப் பிறகு கடலுக்குத் தடை போட்டார்கள். மறுபடியும் நின்றது, மறுபடியும் சைக்கிளில் ஆள் வந்தது. எண்பத்தேழில் சண்டைக்குப் பயந்து கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அப்படித்தான். வேலை நின்றால் பேசாமல் வீட்டில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் போக வேண்டும். அந்த வருடங்கள் எனக்குப் பழக்கியது இதைத்தான்.

ஒருமுறை எங்களோடு வேலை செய்த ஒருவர், நின்ற நாட்களில் சும்மா இருக்க ஏலாமல் தச்சு வேலைக்குப் போனார். ஐஸ் கொம்பனி திறந்தவுடன் அவரும் எங்களோடு வந்து வரிசையில் நின்றார். மனேச்சர் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீர் தச்சன்தானே, போய் உம்மடை வேலையைப் பாரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் பின்னால் விளங்கும்.

தொண்ணூறில் ஊரை விட்டு ஓடினோம். மனைவி, என் தங்கை, நான். தங்கை தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்தாள். மனைவி ஒரு பானையும் பாயும் எடுத்தாள். நான் ஐஸ் இழுக்கும் கொக்கியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கையில் கிடைத்தது. பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மற்றக் குடும்பங்களோடு கிடந்தபோது, இருக்கிற ஒரு பானையில் சோறும் கறியும் மாறி மாறிக் காய்ச்சிக்கொண்டு, "உந்தக் கொக்கிக்கு இன்னொரு பானையைத் தூக்கியிருக்கலாம்" என்று மனைவி சொன்னாள். ஒருதரம் அல்ல, அடுப்பு மூட்டும்போதெல்லாம் சொன்னாள்.

பிறகு சாவகச்சேரியில் மனைவியின் உறவுக்காரர் ஒருவருடைய வெறும் வளவில் ஒரு கொட்டில் போட இடம் கிடைத்தது. நிவாரண அரிசி வந்தது. தங்கை கால்மிதி உள்ள ஒரு பழைய மேசையில் இயந்திரத்தைப் பூட்டிச் சட்டை தைத்தாள். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மருந்துபோலக் கிடைத்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு வெளிச்சத்தில் அவள் ஊசிக் கண்ணுக்குள் நூல் கோர்ப்பதைப் பார்க்கும்போது, மூன்று பேருடைய சாப்பாடு அந்தத் துளைக்குள்ளால் போய் வருவதாக எனக்குப் படும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அது இன்னும் மோசம்.

என்னுடைய வேலை போய்விட்டது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். நிறுத்துகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. தொழிற்சாலை அங்கேயே இருந்தது, ஆனால் ஆமி பிடித்து வைத்திருந்த, ஒருவரும் போகக்கூடாத இடத்துக்குள் இருந்தது. எனக்கு வேலை இருக்கிறது, நான்தான் அதற்குப் பக்கத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மனேச்சரும் இடம்பெயர்ந்து, எங்களிடத்திலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். கிழமையில் இரண்டு மூன்று தரம் காலையில் குளித்துச் சேட்டுப் போட்டுக்கொண்டு அங்கே போவேன். உள்ளே கூப்பிட மாட்டார். வாசல் படலையில் நின்று, "பாப்பம், பாப்பம்" என்பார். எங்களோடு கொம்பிரசர் ஓட்டிய ஒருவருடைய சைக்கிள் மட்டும் எப்போதும் அந்த வளவுக்குள் நிற்கும். அதைக் கண்டதும் கழுத்தை நீட்டி உள்ளே பார்ப்பேன். வேறு எங்கேயோ சின்னதாக ஒரு ஐஸ் கொம்பனி போடுகிறார்கள், வேண்டியவர்களை மட்டும் இரகசியமாகச் சேர்க்கிறார்கள் என்று நம்பினேன். அதனால் போவதை இன்னும் கூட்டினேன். வழியில் கொம்பிரசர்காரரைக் கண்டால், அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். அவரும் என்னை அப்படியே பார்ப்பார்.

ஒருநாள் போனபோது மனேச்சர் இல்லை. கடல் நீரேரியைத் தாண்டிக் கொழும்புக்குப் போய்விட்டார், இனி வர மாட்டார் என்று வீட்டுக்காரர் சொன்னார். கொம்பிரசர்காரர் அவ்வளவு நாளும் வந்தது மனேச்சருடைய சாமான்களைக் கட்டிக் கொடுக்கத்தானாம். திரும்பி வரும் வழியில் ஒரு மதகில் குந்தியிருந்து யோசித்தேன். எனக்கு வேலை போனது எந்த நாளில்? ஊரை விட்டு ஓடிய அன்றா? அல்லது இன்றைக்கா? இன்றைக்கு என்றால் நான் வேலை இழந்து அரை நாள்தான். அன்றைக்கு என்றால் ஒன்றரை வருடத்துக்கு மேல்.

அதற்குப் பிறகு மனைவிதான் வழி பார்த்தாள். சைக்கிள் பெட்டியில் பாண் கொண்டு வருகிறவரிடம் விசாரித்து, ஒரு பேக்கரியில் போறணைப் பக்கம் நிற்க ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்து வந்தாள். பாண் சுடுகிற அடுப்பை எங்கள் பக்கத்தில் போறணை என்போம். ஒரு அறை அளவு இருக்கும். விறகு எரித்துச் சூடாக்கி, தணலை வழித்துவிட்டு உள்ளே பாணை அடுக்குவார்கள்.

அந்தப் பேக்கரியின் பலகையில் 'வெதுப்பகம்' என்று புதிதாக எழுதியிருந்தது. அந்த நாட்களில் பலகைகள் எல்லாம் தமிழுக்கு மாறியிருந்தன. சனங்கள் பேக்கரி என்றுதான் சொன்னார்கள். முதலாளி ஒரு சாய்மனைக் கதிரையில் இருந்தார். கதிரை போட்டிருந்த இடம்தான் புதினம். கோதுமை மா அடுக்கியிருந்த அறையின் கதவோடு முதுகை ஒட்டிப் போட்டிருந்தார். அவரை எழுப்பாமல் ஒருவரும் உள்ளே போக ஏலாது. மா அப்போது கப்பல் வந்தால்தான் வரும். ஒரு மூட்டை கூடுதலாக வைத்திருக்கிறார் என்று யாராவது ஊதிவிட்டால் இயக்கத்துப் பொடியள் வந்து பார்ப்பார்கள். ஊதாவிட்டாலும் பாண் கிடைக்காத சனம் வந்து பார்க்கும். அந்த மனிதருடைய நிலைமை எனக்கு இப்போது விளங்குகிறது. அன்றைக்கு அவர் என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பதாக மட்டும் பட்டது.

எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறீர் என்று கேட்டார், சொன்னேன். கடல் தொழிலோ என்றார். இல்லை, ஐஸ் கொம்பனி என்றேன்.

"ஐசிலை நிண்டவர் நெருப்புக்கு வாறார்" என்று சொல்லிச் சிரித்தார். மா குழைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது மூடி எவ்வளவு காலம். அதுக்குப் பிறகு என்ன செய்தனீர்?" என்றார்.

"ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டுமெண்டா?"

"வீட்டிலை இருந்தனான்."

வருத்தம் ஏதும் இருந்ததோ என்று கேட்டார். இல்லை என்றேன். மயிலிட்டி ஆள் என்றபடியால் வள்ளத்தில் இந்தியாப் பக்கம் போய் வந்தேனோ என்றார். இல்லை. பொடியளோடு ஏதாவது தொடர்போ, பிடித்து வைத்திருந்து விட்டவர்களோ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அதுவும் இல்லை என்றேன்.

"அப்ப, ஒரு நோய் நொடியும் இல்லாத ஆம்பிளை இவ்வளவு காலமும் வீட்டிலை சும்மா இருந்தனீர்."

"ஓம்."

"அதை நான் நம்ப வேணும்."

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. அவர் கேட்கக் கேட்க, அவர் தலைக்குப் பின்னால் இருந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது எந்த அறையின் கதவு என்ற யோசனை அப்போது எனக்கு இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். அவ்வளவுதான்.

இனிப் பக்கத்து வளவு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட விதவை. அவரும் எங்களைப்போலக் கரையோரத்திலிருந்து ஓடி வந்தவர். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் இரண்டு வளவுக்கும் இடையில் இருந்த ஓலை வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து நுழையக்கூடிய ஓட்டை, இருந்தது. அதை நான் கட்டி அடைப்பேன், இரண்டு நாளில் அது திரும்பவும் திறந்திருக்கும். ஒருதரம் அவருடைய வாளி கிணற்றுக்குள் விழுந்தபோது என் கொக்கியை இரவல் வாங்கினார். திருப்பித் தர வந்த நேரம் என் மனைவியிடம், உங்கடை மனுசன் காலமை காலமை எங்கை போறவர் என்று கேட்டாராம். வேலை விஷயமாகப் போகிறவர் என்று மனைவி சமாளித்திருக்கிறாள். அதைக் கேட்ட நாள் தொடக்கம் எனக்கு அந்த அக்காவைப் பிடிக்காமல் போய்விட்டது. ஒருவன் எங்கே போகிறான் என்று அறிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

பேக்கரிக்குப் போய் வந்து ஒன்றிரண்டு நாள் இருக்கும். நான் கிணற்றடியில் நின்றேன். அக்காவுடைய படலையில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கினார். வெள்ளைச் சேட்டு, வெள்ளை நீளக் காற்சட்டை, மடிப்புக் குலையாமல். துணி தோய்க்கிற சவர்க்காரம் கண்ணால் காண ஏலாத காலம் அது. அப்படி ஒரு வெள்ளையை நான் கண்டு எவ்வளவோ நாள். அவர் என்னவோ கேட்டார், அக்கா நீளமாகப் பதில் சொன்னார். இடையில் கையை நீட்டி எங்கள் கொட்டிலைக் காட்டினார். அந்த மனிதர் எங்கள் கூரையைப் பார்த்தார், கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். எங்களிடம் வராமலே போய்விட்டார்.

உள்ளே வந்து சொன்னேன். பொடியளின் ஆளோ என்று மனைவி பயந்தாள். அவர்கள் இப்படி வெள்ளைக் காற்சட்டையோடு வர மாட்டார்கள் என்றேன். அப்படியென்றால் காணிச் சொந்தக்காரர் எங்களை இங்கிருந்து எழுப்பப்போகிறாரோ என்றாள். நான் அதைவிட மோசமாக யோசித்தேன். இந்தியாவுக்குப் போய் வந்தனீரோ என்று பேக்கரியில் கேட்டது மனதில் கிடந்தது. என்னைப் பற்றி எங்கேயோ ஒரு கதை ஓடுகிறது என்று முடிவு செய்தேன்.

தங்கை இயந்திரத்தை மிதித்தபடியே சொன்னாள்: "அண்ணையைக் கூப்பிட மனேச்சர் ஆள் அனுப்பியிருப்பார்."

மனைவி சிரித்துவிட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு கணம் அது உண்மையாக இருக்குமோ என்றும் யோசித்தேன்.

பின்னேரம் அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு கட்டு முருங்கைக்காய் நீட்டினார். அதுவரைக்கும் ஒரு இலைகூடத் தந்தவர் இல்லை. தந்துவிட்டு, ஓடி வரும்போது தங்கையின் சாதகக் குறிப்பைக் கொண்டு வந்தீர்களோ என்று மனைவியிடம் கேட்டாராம். இல்லை, வீட்டோடு விட்டு வந்தோம் என்று இவள் சொல்ல, பரவாயில்லை, எழுதுவிக்கலாம் என்றாராம். எங்களுடைய பிறந்த திகதி, நேரம் எல்லாம் இவருக்கு எதற்கு? முருங்கைக்காயைக் கறி வைத்தார்கள். நான் அதில் கை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேக்கரிக்குப் போனேன். முதலாளி அதே இடத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் கதிரையை இன்னும் பின்னால் தள்ளினார்.

"சங்கக்கடையிலை உத்தியோகம் இருக்கேக்கை உமக்கு ஏன் பேக்கரி?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. சங்கக்கடை என்றால் கூட்டுறவுக் கடை. நிவாரண அரிசிக்கு அங்கே நான் வரிசையில் நிற்கிறவன். அதைத் தவிர எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் பேசாமல் நின்றதைப் பிடிபட்டுவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"ஒரு நாளும் சும்மா இருந்து அறியாத ஆளாம். விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவாராம். பொறுப்பான வேலையாம். அயலிலை விசாரிச்சனாங்கள். இஞ்சை வந்து ஒண்டும் செய்யேல்லை எண்டு சொன்னனீர். கதைச்ச நேரம் முழுக்க என்ரை மா அறையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனீர். எத்தினை மூட்டை கிடக்கு எண்டு பாத்துவர ஆர் அனுப்பினது?"

இல்லை, இல்லை என்று இரண்டு தரம் சொல்லியிருப்பேன். பின்னால் திரும்பி நடந்தேன். முழு வழியும் அக்காவின் முகம்தான் முன்னால் வந்தது. படலையில் நின்று கையை நீட்டிக் காட்டிய அந்தக் கை. முருங்கைக்காய் தந்த கை. என் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, அதற்குக் கூலியாக முருங்கைக்காய் தந்திருக்கிறார் என்று எண்ணினேன்.

வீட்டில் சொன்னேன். தங்கை மிதிப்பதை நிறுத்தினாள். நூல் முடிகிறது, புது நூல் கடையில் இல்லை என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள். மனைவி நேரே வேலியடிக்குப் போனாள். நான் அவளுக்குப் பின்னால், ஆனால் தள்ளி நின்றேன்.

"அக்கா, எங்களைப் பற்றி ஆரேன் வந்து கேட்டவையோ?"

பொட்டுக்குள் அக்காவின் முகம் தெரிந்தது. மலர்ந்திருந்தது. "ஓம் பிள்ளை. நானாச் சொல்லக் கூடாது, அவையள் வந்து சொல்லட்டும் எண்டு பேசாமல் இருந்தனான். வந்திட்டினமோ?"

"ஆர் வாறது?"

"மாப்பிளை பகுதி."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அக்கா பொட்டுக்குள்ளால் சொல்லிக்கொண்டே போனார். வந்த மனிதர் எந்த ஊர், ஆராருடைய ஆட்கள், வீட்டில் எத்தனை பேர், குடிவெறி ஏதும் உண்டோ, அயலோடு சண்டை சச்சரவு உண்டோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள், சொல்ல மாட்டார்கள். அதிலும் வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் காற்சட்டை. அரசாங்க உத்தியோகக்காரர் வீட்டுச் சம்பந்தம் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்.

"தமையன் என்ன செய்யிறார் எண்டு கேட்டவர்" என்றார் அக்கா. "சும்மா இருக்கிறார் எண்டு சொல்லுறதே? ஒரு குமரின்ரை காரியத்திலை நான் மண் அள்ளிப் போடுறதே? சங்கக்கடையிலை நல்ல உத்தியோகம் எண்டு சொல்லிவிட்டனான்."

மனைவி உள்ளதைச் சொன்னாள். அது பேக்கரி ஆள் என்றும், இவருக்கு வேலை கொடுக்க விசாரித்தது என்றும்.

"வேலைக்கும் பொம்பிளைக்கும் ஒரே கேள்வியைக் கேட்டால் மனிசர் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?" என்றார் அக்கா.

நான் தள்ளி நின்றபடியே, சங்கக்கடையில் எனக்கு வேலை என்று உண்மையில் நினைத்தீர்களோ என்று கேட்டேன். அக்காவோடு நான் நேரே கதைத்தது அதுதான் முதல் தரம்.

"வேலையில்லாத ஆம்பிளை சைக்கிள் உழக்கிற விதம் எனக்குத் தெரியும் தம்பி" என்றார். "நீர் வெளிக்கிடும், சேட்டைப் போடும். நானும் பேக்கரிக்கு வாறன்."

அக்காவை நம்பலாமா என்று வழி முழுவதும் யோசித்தேன். அங்கே போய் இன்னொன்றைச் சொல்லி வைத்தால்? எனக்காகப் பொய் சொன்னவர் எனக்கு எதிராகவும் சொல்லலாம்தானே. அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

பேக்கரியில் முதலாளியோடு அந்த வெள்ளைக் காற்சட்டைக்காரரும் இருந்தார். அவர் முதலாளியின் மனைவியுடைய தம்பி. ரயில் கார்டாக இருந்தவர். ரயில் நின்ற நாளிலிருந்து அக்கா வீட்டில், அதாவது முதலாளி வீட்டில் இருக்கிறவர். அவர் போட்டிருந்தது கார்ட் உடுப்பு என்று அப்போதுதான் கண்டேன். எங்கள் அக்கா அவரைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"முதலாளி, உங்கடை ஆள் வந்து கேட்டதுக்கு நான் சொன்னது முழுப் பொய்."

"அதைச் சொல்ல இவ்வளவு தூரம் நடந்து வந்தனீங்களோ?"

"ஓம். கலியாணப் பேச்சு எண்டு நினைச்சுச் சொல்லிப்போட்டன். வேலை எண்டு தெரிஞ்சிருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பன்."

"அப்ப கலியாணத்துக்குப் பொய் சொல்லலாம்?"

"நீங்கள் பொய் சொல்லாமலோ கட்டினனீங்கள்?"

மா குழைக்கிற இரண்டு பேரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பொய் சொன்னவர் இன்றைக்குச் சொல்வது உண்மை என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. வழியில் எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

"இண்டைக்கு நான் இவருக்குப் பெருமையா ஒண்டும் சொல்லேல்லையே" என்றார் அக்கா. "வேலை வெட்டி இல்லாத மனிசன், தங்கச்சி தைச்சுப் போடச் சாப்பிடுறார் எண்டுதானே சொல்லுறன். இப்பிடி ஒரு பொய்யை ஆர் சொல்லுவினம்?"

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீர் சொல்லும். சும்மா இருந்தனான் எண்டு மட்டும் சொல்லாதையும். என்ன செய்துகொண்டு இருந்தனீர்?"

நான் அந்தக் கதவைப் பார்க்காமல் இருக்க நிலத்தைப் பார்த்தேன்.

"கூப்பிடுவினம் எண்டு இருந்தனான்."

ஆர் என்று கேட்டார். ஐஸ் கொம்பனி என்றேன். தச்சு வேலைக்குப் போனவருக்கு நடந்ததைச் சொன்னேன். படலையில் நின்று பாப்பம் பாப்பம் என்ற மனேச்சரைச் சொன்னேன். எனக்கு வேலை போனது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது, அதனால் எவ்வளவு காலம் வேலை இல்லாமல் இருந்தேன் என்று சரியாகச் சொல்லவும் தெரியவில்லை என்றேன். அவ்வளவு நீளமாக ஒரு வேற்று மனிதரிடம் நான் கதைத்ததில்லை. ஒழுங்காகச் சொன்னேனோ தெரியாது. முதலாளி இடையில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு முடிந்ததும் மச்சான்காரரைப் பார்த்தார்.

"இஞ்சை பார். இவர் ஐசுக்கு இருந்திருக்கிறார். நீ ரயிலுக்கு இருக்கிறாய்."

ரயில் கார்ட் சிரிக்கவில்லை. "ரயில் வரும்" என்றார்.

"வந்தால் என்னத்திலை ஓடுறது? தண்டவாளத்தைக் கழட்டிப் பங்கருக்குப் போட்டாச்சு."

கார்ட் தன் வெள்ளைக் காற்சட்டையின் மடிப்பை விரலால் நீவிவிட்டார். நான் அவரை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். தினமும் குளித்துச் சேட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிற இன்னொரு மனிதர். சவர்க்காரத்துக்கு அவர் என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை.

முதலாளி என் கைகளைப் பார்த்தார். "விடியப்புறம் வாரும்" என்றார். மேலே குண்டு போட வருகிற விமானத்துக்குப் புகை தெரியக் கூடாது, அதனால் வெளிச்சம் வர முன்னம் போறணை எரித்து முடிய வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். "விறகுப் பக்கம்தான் உமக்கு வேலை. மா அறைக்குள்ளை போகத் தேவையில்லை."

கதிரையை அவர் கதவை விட்டு எடுக்கவில்லை.

வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடந்த பிறகு அக்கா நின்றார். "அந்த வெள்ளைக் காற்சட்டைக்காரர் கட்டினவரோ எண்டு கேட்க மறந்துபோனன்" என்றார். பகிடிக்குச் சொன்னாரோ, மெய்யாகச் சொன்னாரோ தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு எனக்குப் புதிதாக ஒரு யோசனை தொடங்கிவிட்டது. முதலாளி என்னை எடுத்தது என் கதையை நம்பியா? அல்லது அயலில் அக்கா என் தங்கையைப் பற்றிச் சொல்லிவைத்த நல்ல வார்த்தைகளை மச்சானுக்காக மனதில் வைத்தா? வீட்டில் மனைவியும் அதையேதான் முதலில் கேட்டாள். அப்படி ஒருவரும் பிறகு வந்து கேட்கவில்லை. தங்கை கலியாணம் முடித்தது வேறு இடத்தில், வேறு காலத்தில். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாதே.

தங்கை ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அண்ணை, நாளைக்கு ஐஸ் கொம்பனி திறந்து கூப்பிட்டால் என்ன செய்வியள்?" என்றாள்.

பகிடிதான். ஆனால் நான் அதை யோசித்தேன். விறகு பிளக்கப் போனவனை அவர்கள் திரும்ப எடுப்பார்களா, நீர் பேக்கரிக்காரன்தானே என்று சொல்லி அனுப்புவார்களா என்று யோசித்தேன். பிறகு கொக்கியை எடுத்து வேலியடிக்குப் போய்ப் பொட்டுக்குள்ளால் அக்காவிடம் நீட்டினேன். கிணற்றுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். என்ன காரணத்துக்குத் தருகிறேன் என்று அக்கா என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

மறுநாள் விடியப்புறம் வேலைக்குப் போனேன். விறகு ஈரமாக இருந்தது. முதல் போறணைப் பாண் சரியாக வேகவில்லை.